கை நனைக்க மாட்டேன் என்றேன்

நடைமுறை தெரிந்தவனுக்கு ஓட்டலில் சாப்பாடு கிடைக்காது. முண்டியடிக்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். சப்ளையரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவனுக்கு இன்னும் சீக்கிரம் கிடைக்கும். வரிசை எங்கே ஆரம்பிக்கிறது, இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்கிறவனுக்கு டம்ளர் மட்டும் வரும். தண்ணீர் பிறகு வரும், அல்லது வராது.

நான் வட்ட வழங்கல் அலுவலராக, அதாவது டி.எஸ்.ஓ.வாக, ஓய்வு பெற்றவன். ரேஷன் கடைக்காரர்கள் என் ஜீப்பின் சத்தத்தை வைத்தே எடைக்கல்லைத் துடைத்த காலம் ஒன்று இருந்தது. எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போக வேண்டும், எது எதன் பின் வர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். (வீட்டில் இந்தப் பாடத்தை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.) அப்படிப்பட்டவன் என் ஒரே மகளின் கல்யாணத்தைச் சிதம்பரத்தில் ஓர் ஓட்டல் மேசையில் ஏறக்குறைய கவிழ்த்துவிட்டேன்.

மகள் பெயர் கயல்விழி. புதுச்சேரியில் ஒரு வங்கியில் வேலை. அதே வங்கியில், அதே தளத்தில் சரவணன் என்று ஒரு பையன். சொந்த ஊர் சிதம்பரம். ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று ஜோசியர் எங்களிடம் சொன்னபோது கயல் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அதிலிருந்தே எனக்கு விஷயம் புரிந்தது. பையன் வீட்டார் கடலூர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தது நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்த்து, பேசி முடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், என் மனைவி தனலட்சுமி, அவள் தம்பி ஞானசேகரன் ஆகிய மூவரும் கிளம்பினோம். கார் மச்சானுடையது.

காரில் ஏறும்போது கயல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அங்க போயி ஆபீஸ் நடத்தாதீங்க. அவுங்க நல்ல மனுசங்க. இது முடியலன்னா எனக்கு வேற இடமே பார்க்க வேணாம், இப்பவே சொல்லிட்டேன்."

"நான் என்னா ஆபீஸ் நடத்தப் போறேன்?" என்றேன். மச்சான் முன் கண்ணாடியைத் துடைப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. கல்யாணம் கடலூரில் நடக்க வேண்டும். மாப்பிள்ளை ஊரில் நடத்துவதுதான் தங்கள் வழக்கம் என்று அவர்கள் முன்பே கோடி காட்டியிருந்தார்கள். எனக்கோ ஒரே பெண். கடலூரில் இருக்கும் மண்டபங்களில் நான் உட்காராத பந்தி கிடையாது. ஒரு முறையாவது வாசலில் நின்று, கையைக் கூப்பி, மற்றவர்களை "வாங்க, வாங்க" என்று அழைக்க வேண்டும். இதைப் பேசி முடித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வது என்று புதுச்சத்திரம் தாண்டும்போதே மனதில் வரைவு தயாரித்துவிட்டேன்.

பையனின் அப்பா கலியமூர்த்தி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். காபி வந்தது. அதிரசம் வந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். சமையலறைப் பக்கம் போனபோது கத்தரிக்காய் கொத்சு வாசனை வந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, பேச்சை ஆரம்பிக்கத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் பையனின் அம்மா மங்கையர்க்கரசி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார்.

"இலை போட்டுட்டேன். மொதல்ல சாப்பிடுங்க. அப்பறம் பேசுவோம்."

இங்கேதான் சட்டப் பிரச்சினை எழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேசப் போன வீட்டில் காபி குடிக்கலாம், பழம் சாப்பிடலாம், பலகாரமும் கொறிக்கலாம். பேச்சு முடியும் முன்னால் இலை போட்டுச் சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கை நனைத்ததாக அர்த்தம். கை நனைத்தால் சம்மதித்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு பேசுவதற்கு எதுவும் இல்லை.

"மன்னிக்கணும். பேசி முடிக்காம கை நனைக்கறது முறையில்லீங்க" என்றேன்.

"இப்பல்லாம் யாரு சம்பந்தி அதெல்லாம் பார்க்கறாங்க?" என்றார் கலியமூர்த்தி.

"இன்னும் சம்பந்தி ஆவலீங்களே."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் நான் சிரிப்பது வெளியே தெரியாது; அது பல்லாண்டு அலுவலகப் பயிற்சி. அந்த அம்மாள் முகம் சுண்டிப் போயிற்று. தனலட்சுமி என் முழங்கையைக் கிள்ளினாள். (அந்த இடம் மூன்று நாள் கன்றியிருந்தது.) நான் அசரவில்லை. வெளியே சாப்பிட்டுவிட்டு உடனே வருகிறோம், வந்து பேசுவோம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

தெருவில் இறங்கியதும் தனலட்சுமி கேட்டாள். "அந்தம்மா காலைலேருந்து சமைச்சிருக்காங்க. வாசன வந்துச்சே, உங்க மூக்கு என்னா ரிடையர்டா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு."

"அக்கா, வுடு" என்றான் மச்சான். "சாப்பிட்டு டக்குனு வந்துருவோம். கோயிலு பக்கத்துல ஒரு ஓட்டல் இருக்கு. ரொம்ப பேமஸு. வெளியூர்லேருந்துல்லாம் அங்க வந்துதான் சாப்பிடறாங்க."

டக்கென்று என்ற சொல்லை நான் அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அது முகூர்த்த நாள். சிதம்பரத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள், கோயிலுக்கு வந்த சுற்றுலாப் பேருந்துக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மனைவியைச் சமைக்க வைக்கக் கூடாது என்று புதிதாக முடிவெடுத்தவர்கள் எல்லாரும் அந்த ஓட்டலுக்குள் இருந்தார்கள். டோக்கன் கிடையாது. வரிசை கிடையாது. சாப்பிடுகிறவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் இருப்பவர் எழுந்தால் பின்னால் நிற்பவர் உட்காருவார். இதுதான் அங்கே அரசியல் சாசனம்.

நான் வாசலருகே ஒழுங்காக நின்று ஒரு வரிசையை ஆரம்பித்து வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தூணைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"மாமா, அங்க நின்னா ஆயுசுக்கும் நிக்கணும். இங்க வாங்க" என்று மச்சான் கையைப் பிடித்து இழுத்தான். "மோர் ஊத்தற டேபிளாப் பாத்து நிக்கணும்."

அதுவும் ஒரு நடைமுறைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்குப் பின்னால் நின்றேன். அவர் பிசைந்தார். நிறுத்தினார். சப்ளையரைக் கூப்பிட்டு, கொஞ்சம் ரசம் கேட்டார். தயிருக்குப் பிறகு ரசம் வாங்கும் மனிதனை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். என் மூச்சு பிடரியில் பட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து, "அவசரமா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு அப்பளம் கேட்டார்.

அப்போது கைபேசி அடித்தது. கயல்.

"அப்பா, வேணாம்னு சொல்லிட்டீங்களாமே?" குரல் உடைந்திருந்தது.

"யாரு சொன்னா? சாப்பாடுதான் வேணாம்னேன்."

"சாப்பாடு வேணாம்னா அவுங்க ஊர்லயும் அதான்பா அர்த்தம். அவுங்கம்மா அழுவறாங்களாம். பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னு சரவணன்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஓட்டல்ல. ஒருத்தரு பின்னாடி நிக்கறேன்."

"என்னா?"

"சாப்பிட்டு நேரா அங்கதான் போறோம், கண்ணு. போயி பேசிடறேன்."

"இன்னும் சாப்பிடவே இல்லையா? அவுங்க கடலூருக்கே திரும்பிட்டீங்கன்னு நெனச்சிட்டு இருக்காங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முறையைக் காப்பாற்றப் போய் மறுப்பு தெரிவித்ததாகப் பதிவாகிவிட்டது. இனி ஒவ்வொரு நிமிடத் தாமதமும் அந்த மறுப்புக்கு மேல் ஒரு முத்திரை. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பெரியவர் எழுந்தார். பக்கத்திலிருந்த இருவரும் எழுந்தார்கள். அவ்வளவு நேரம் நின்று பெற்ற நாற்காலியை விட்டுப் போக எந்தத் தமிழனுக்கு மனம் வரும்? உட்கார்ந்தோம். தனலட்சுமி, சாப்பாடுதான் வந்துவிடுமே என்ற நம்பிக்கையில், கைப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேசையை ஒருவர் ஈரத்துணியால் துடைத்தார். மேசையில் இருந்ததெல்லாம் என் வேட்டிக்கு மாற்றப்பட்டது. இலை வந்தது, நுனி வலப்பக்கம் பார்த்துக்கொண்டு. நான் திருப்பிப் போட்டேன். பொரியல் என்ற பெயரில் முட்டைக்கோஸ் வந்தது; இலையில் விழுந்ததைவிடக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு திரும்பிப் போனது ஜாஸ்தி. அப்பளம் மெத்தை போல மடங்கியது. பிறகு சோறு. சோறு என்றால், ஒவ்வொரு பருக்கையும் மற்றதோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாக விறைத்துக்கொண்டிருந்தது.

சாம்பார் வரவில்லை.

சாம்பார் வாளி எதிர் வரிசையில் வந்தது. திரும்பியது. எங்கள் வரிசையில் கடைசி நாற்காலியிலிருந்து தொடங்கி, எங்களுக்கு முந்தைய இலையோடு காலியானது. தண்ணீர் ஜக்கோடு போனவரை நிறுத்தினேன்.

"தம்பி, சாம்பார்?"

"நான் தண்ணி மட்டுந்தான் சார்."

சோறு போட்டவரைக் கேட்டேன்.

"சாம்பாருக்கு வேற ஆளு சார். வருவாரு."

"எப்ப வருவாரு?"

"அத அவரத்தான் கேக்கணும்."

எனக்குள் ஏதோ ஒன்று இதை அடையாளம் கண்டுகொண்டது. அது என் சீட் இல்லை, சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள். இந்த மொழியை நான் காலமெல்லாம் பேசியிருக்கிறேன். கேட்பது அன்றுதான் முதல் முறை.

மச்சான் காய்ந்த சோற்றை அப்பளத்தோடு பிசைந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான். ரசம் வந்தது. "சாம்பார் இல்லாம ரசமா?" என்றேன். "ரசமும் சாம்பார் மாதிரிதான் சார் இருக்கும்" என்றார் ரசக்காரர். அன்று அந்த ஓட்டலில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது.

"என்னாங்க, கெடச்சத சாப்ட்டுட்டுக் கெளம்புவோம். புள்ள அழுவுது" என்றாள் தனலட்சுமி.

என்னால் முடியவில்லை. "ரெண்டே நிமிஷம். முறையா சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார்.

"சாம்பார் இல்லாம சோறு போட்டிருக்கீங்க" என்றேன்.

"வந்துட்டே இருக்கு சார்."

"எங்கேருந்து?"

"கிச்சன்லேருந்துதான் சார்."

"உணவுப் பாதுகாப்பு உரிமம் கண்ணுல படற எடத்துல மாட்டணும். எங்க இருக்கு?"

"காலண்டருக்குப் பின்னாடி சார்."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார் எந்த ஆபீஸு?"

"டி.எஸ்.ஓ."

எழுந்தே நின்றுவிட்டார். "இங்கியா சார்?"

"கடலூர்." பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "ரிடையர்டு."

"அப்பிடிங்களா" என்று மறுபடி உட்கார்ந்தார். "மோர் நல்லா இருக்கும் சார். சாப்ட்டுப் போங்க."

"புகார் புத்தகத்தக் குடுங்க."

"அதெல்லாம் இப்ப இல்ல சார். அந்த ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணுங்க. ஓனருக்கே போயிரும்."

ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தேன். முதலில் ஒரு சாம்பார் வாளியின் படம் வந்தது. பிறகு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. பூஜ்யம் கொடுக்க வழியில்லை. ஒன்று கொடுத்துவிட்டு, எழுத ஆரம்பித்தேன். எழுதுவதென்றால் எனக்கு ஒரே விதமாகத்தான் வரும். 'பொருள்: மதிய உணவில் சாம்பார் வழங்கப்படாமை தொடர்பாக. பார்வை: மேற்படி உணவகத்தின் சூப்பர்வைசரிடம் நேரில் தெரிவித்த புகார்.' அந்தச் சின்ன விசைப்பலகையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி தேடி, பிழை திருத்தி, 'இவண்' என்று முடித்துத் தலையை நிமிர்த்தினேன்.

என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

என் இலை போயிருந்தது. அதே இடத்தில் புது இலை, நுனி சரியாக இடப்பக்கம். புதுச்சோறு. அதன் மேல் சாம்பார் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாம்பார்க்காரர் வந்து, அவருக்கு ஊற்றி, வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். தனலட்சுமியின் இலையில் சோறு அப்படியே இருந்தது.

"சார், இது என் எடம்" என்றேன்.

அந்த மனிதர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரராம். பிசைவதை நிறுத்தாமல் சொன்னார். "நீங்க எழுந்துட்டீங்களே."

"புகார் குடுக்கத்தான் எழுந்தேன்."

"எதுக்கு எழுந்தா என்னா சார்? எழுந்தா எழுந்ததுதான். நானும் ரொம்ப நேரமா உங்க பின்னாடிதான் நின்னேன். திரும்பியே பார்க்கலியே நீங்க."

இதற்குப் பதில் எந்த அரசாணையிலும் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள், "அவரு சொல்றது கரெக்ட்டுதான் பெரியவரே" என்றார்கள். மச்சான் அவரோடு சண்டைக்குக் கிளம்பினான். தனலட்சுமி இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

"தம்பி, வா போலாம். ஒங்க மாமா சாப்ட்டு முடிச்சிட்டாரு."

அந்த ஓட்டலில் பில் மட்டும் யாரும் கேட்காமலேயே வந்தது. மூன்று முழுச் சாப்பாடு என்று போட்டிருந்தது.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து ஓட்டலில் சாப்பாடு முடிந்துவிட்டது, டிபன் சாயங்காலம்தான் என்றார்கள். அடுத்ததில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறியதும் தனலட்சுமி சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மெதுவாக, "நான் மாத்திர போட்டுட்டேன்" என்றாள். அவள் நெற்றி வேர்த்திருந்தது. கைவிரல்கள் லேசாக நடுங்கின. மச்சான் தன்னிடமிருந்த சாக்லேட்டைப் பிரித்து அக்காவின் வாயில் போட்டான். வண்டியைக் கலியமூர்த்தி வீட்டுத் தெருவுக்குத் திருப்பினான்.

வழியெல்லாம் நான் ஒரு விளக்க உரை தயாரித்தேன். நடந்த நிகழ்வுகள், அவற்றின் உண்மையான பொருள், ஏற்பட்ட தவறான புரிதல் என்று வரிசையாக. கதவைத் திறந்த மங்கையர்க்கரசி அம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தனலட்சுமியின் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல" என்றாள் தனலட்சுமி.

அவ்வளவுதான். என் உரை முழுவதும் கோப்பிலேயே தங்கிவிட்டது. அந்த அம்மாள் தனலட்சுமியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். முன்பு போட்ட இலைகளை எடுத்துவிட்டுப் புது இலை போட்டார். மச்சான் கேட்காமலேயே மூன்றாவது இலையின் முன் உட்கார்ந்தான். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கு மோர் மட்டும் போதும்" என்றேன். மோர் கை நனைப்பதில் சேராது என்று ஒரு விளக்கம் மனதில் ஓடியது.

"குந்துங்க" என்றார் கலியமூர்த்தி, தோளை அழுத்தி.

சம்பா சாதத்தில் நெய்யை ஊற்றி, பக்கத்தில் கொத்சு வைத்தார்கள். கத்தரிக்காய் வெந்து, புளியும் காரமும் ஒன்றில் ஒன்று கரைந்து நின்றது. ஒரு வாய் எடுத்தேன். இரண்டாவது வாய்க்குக் கல்யாண மண்டபம் எந்த ஊரில் இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பிறகு சாம்பார் வந்தது. கேட்காமலேயே இரண்டாம் முறையும் வந்தது. தனலட்சுமிக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. ரசத்துக்கு நான் கையைக் குழித்து நீட்டினேன்.

ஊற்றிக்கொண்டிருந்த கலியமூர்த்தி கேட்டார். "அப்ப கல்யாணத்த இங்கியே வச்சுக்கலாமா, சம்பந்தி?"

ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "அத இனிமேதான பேசணும்" என்றேன்.

"என்னா பேசறது? கை நனைச்சாச்சே. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கையைப் பார்த்தேன். முழங்கை வரை ரசம் வழிந்திருந்தது. மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை. மச்சான் புரையேறும் வரை சிரித்தான். மங்கையர்க்கரசி அம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். கயலுக்கு யார் போன் செய்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கு முன்பே அவளுக்குச் செய்தி போய்விட்டது.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றவர் கலியமூர்த்தி. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஓட்டல்காரர்களுக்கு நான் அனுப்பிய புகாருக்கு, 'உங்கள் அன்பான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக' என்று பதில் வந்தது. பொருள், பார்வை இரண்டுக்கும் பதில் இல்லை. சம்பந்தி அந்தப் பதிலை என் கைபேசியில் படித்துவிட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை நேரில் கொண்டுபோய் அந்தச் சூப்பர்வைசருக்கே வைத்துவிட்டு வந்தார். அவரும் வந்தார், முதல் பந்தியில் சாப்பிட்டார். சம்பந்தி அவரை மண்டபம் முழுக்கக் கூட்டிப் போய், "நம்ம கல்யாணத் தரகரு" என்று அறிமுகம் செய்தார். எதற்காக இந்த மரியாதை என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. என்னைப் பார்த்ததும், "சார எங்கியோ பாத்த மாதிரி இருக்கே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த ஓட்டலுக்குத் தரகர் கடை என்றுதான் பெயர். போன மாதம் மச்சான் வந்து, தன் மகனுக்குப் பேசியிருக்கும் இடத்தில் பெண்ணின் அப்பா ரொம்ப இழுக்கிறார், எதற்கெடுத்தாலும் முறை பேசுகிறார், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று புலம்பினான். நான் சில யோசனைகள் சொல்ல வாயெடுத்தேன். தனலட்சுமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"ஒரு முகூர்த்த நாளாப் பாத்து அவர தரகர் கடைக்குச் சாப்பிட அனுப்பு தம்பி. சாயங்காலத்துக்குள்ள சரின்னுடுவாரு."